வெறும் வயிற்றில்

எடை மெஷினில் ஏறச் சொன்ன சிஸ்டருக்கு இருபது வயதுதான் இருக்கும், ஆனால் அந்தக் குரலுக்கு பஸ் ஸ்டாண்டில் வேலை கொடுத்திருக்கலாம். "தொண்ணூத்தாறு நானூறுக்கா!" என்று உள்ளே கம்ப்யூட்டரில் இருந்தவளிடம் அவள் கத்தியதில், ஹாலில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் மங்கையர்க்கரசியை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பார்க்கவே இல்லை என்பதுபோல டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்கள். திரும்பிக்கொள்ளட்டும். நாற்பத்தேழு வயதில் இதெல்லாம் புதிதா என்ன. அவளை உறுத்தியது வேறு. செருப்பைக் கழற்றவில்லை, கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. பைக்குள் தண்ணீர் பாட்டில், குடை, போன வாரத்து ரிப்போர்ட், எவர்சில்வர் டப்பாவில் நாலு இட்லி. எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவாவது தேறும். ஸ்ரீரங்கத்துத் தபாலாபீசில் இருபத்திரண்டு வருஷமாகப் பார்சல் நிறுக்கிறவள் அவள். கட்டின கயிறு ஒரு முழம் தட்டுக்கு வெளியே தொங்கினால் அதையும் உள்ளே செருகிவிட்டுத்தான் எடை பார்ப்பாள். தன் உடம்பு என்று வந்தால் மட்டும் பையோடும் குடையோடும் ஏறி நின்றுவிடுகிறாள். ஏறு என்றால் ஏறுவாள், இறங்கு என்றால் இறங்குவாள். காலையில் கீழே லிஃப்ட் பாரம் தாங்காமல் கத்தியபோதும் அப்படித்தான். அவளுக்குப் பிறகு, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு நோஞ்சான் பையன் ஏறினான், அப்போதுதான் அது கத்தியது. கணக்குப்படி அவன்தான் இறங்க வேண்டும். ஆனால் எல்லோரும் பார்த்தது அவளை. தம்பிகூட அவளைத்தான் பார்த்தான். இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தாள்.

ஜன்னல் ஓரத்தில் கைப்பிடி இல்லாத ஒரு பெஞ்சைத் தம்பி செழியன் அவளுக்காகப் பிடித்து வைத்திருந்தான். மற்றதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய இரும்பு நாற்காலிகள், இடையிடையே கைப்பிடி. அந்தக் கைப்பிடிகளை வைத்தவன் அவளை நினைத்து வைக்கவில்லை. உட்கார்ந்ததும் செழியன் மெதுவாக, "எனக்கு நேத்து ரெண்டு கிலோ முந்நூறு ஏறியிருந்துச்சுக்கா. அத்தனையும் தண்ணி" என்றான். ஆறுதல் சொல்கிறானாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிஸ்டர் அப்படிக் கத்தியிருந்தால் இவன்தான் முதலில் சிரித்திருப்பான். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், அதற்கு முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை. தட்டில் நிற்பது என்றால் என்னவென்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. சந்தோஷம். முகம் கறுத்து, தோல் காய்ந்து, முன்கையைச் சொறிந்துகொண்டே இருக்கிறான். மடியில் ஒரு சின்ன பாட்டில், அதில் சசிரேகா மார்க்கர் பேனாவால் போட்ட கோடுகள். ஒன்பது மணிக்கு இதுவரை, பதினோரு மணிக்கு இதுவரை. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், குழம்பு ரசம் காபி எல்லாம் அதற்குள். இரண்டு கிட்னியும் போய்விட்டது. வேறொன்று வைத்தாக வேண்டும், ஒரு வருஷத்துக்குள் என்றால் நல்லது, இதயம் அதற்குமேல் தாங்குமா தெரியாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். சசிரேகாவுடையது சேரவில்லை. அக்காவுடையது சேர்ந்தது. சும்மா சேரவில்லை, அப்படி ஒரு பொருத்தம் அமைவது அபூர்வம் என்று அந்த ஆஸ்பத்திரியில் மூன்று பேர் வந்து அவளிடம் சொன்னார்கள். வந்த ஜாதகம் அத்தனையும் பொருத்தமில்லை என்று திரும்பிப் போனவளிடம் வந்து சொன்னார்கள். ஒரே ஒரு தடங்கல்தான். இந்த எடையில் அறுக்க மாட்டார்கள். எழுபத்தெட்டுக்கு வந்தால் பார்க்கலாம்.

எழுபத்தெட்டு. அவள் எழுபத்தெட்டாக இருந்தது எப்போது? இருபத்தைந்து வயதில் இருக்கலாம். அப்போதும் குண்டுதான். கொள்ளுத் தண்ணீர், வெந்தயத் தண்ணீர், மேலவீதியில் விடிகாலை நடை, இடுப்பில் கட்டினால் கிடுகிடுவென்று ஆடும் ஒரு பெல்ட், வாரத்தில் இரண்டு நாள் பட்டினி. எல்லாம் அவளாகச் செய்தது. இறங்கும், நாலு மாதத்தில் வட்டியோடு ஏறும். ஒருத்தராவது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்களா? மருந்து இருக்கிறது என்று சொன்னார்களா? "வாயைக் கட்டு" என்றார்கள். அதுதான் இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். இப்போது அவனுக்கு வேண்டும் என்றதும் டாக்டர், டோக்கன், ரிப்போர்ட், பெஞ்சில் இடம். அவள் இளைக்க வேண்டும் என்று இத்தனை பேர் ஒன்றாகச் சேர்ந்து ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. நினைத்தால் வயிறு எரிகிறது. வயிறு எரிவது பசியாகவும் இருக்கலாம். விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ஏழரை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள், இப்போது ஒன்பதேகால். டப்பாவில் இட்லி இருக்கிறது. எடுத்துச் சாப்பிட்டால் என்ன? சாப்பிடலாம். எடை குறைக்கிற டாக்டரின் வாசலில், தொண்ணூற்றாறு நானூறு, டப்பாவைத் திறந்து இட்லி தின்றால் நாற்பது பேரும் டிவியை விட்டுவிட்டு இவளைப் பார்ப்பார்கள். பரவாயில்லை, பசி பழகினதுதான்.

ஊசியா மாத்திரையா. போன வாரம் தனியாக வந்திருந்தபோது டாக்டர் ரெஜினா ஒரு தாளில் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஊசி அந்தப் பக்கம் மாத்திரை என்று எழுதி விளக்கினார். நல்ல அம்மாள், அவசரப்படவில்லை. "ரெண்டும் ஒரே குடும்பத்து மருந்துதாங்க. பசியை அடக்கும், சாப்பிட்டது வயித்துல ரொம்ப நேரம் நிக்கும். ஊசி வாரத்துக்கு ஒண்ணு, வயித்துல நீங்களே போட்டுக்கலாம், பேனா மாதிரி இருக்கும். போட்டுட்டா அந்த வாரம் முழுக்க அது பாட்டுக்கு வேலை செய்யும். மாத்திரை தினமும். எழுந்ததும் வெறும் வயித்துல, அரை டம்ளர் தண்ணியோட. அதுக்கப்புறம் அரை மணி நேரம் எதுவும் உள்ள போகக் கூடாது. ஒழுங்கா சாப்பிட்டா அதுவும் கேக்கும், கொஞ்சம் மெதுவா. ஆனா நடுவுல காபி கீபி குடிச்சீங்கன்னா அன்னைக்கு மாத்திரை வேஸ்ட்." அவள் கேட்டாள், "ஒரு வாய் குடிச்சாலுமா டாக்டர்?" டாக்டர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரு வாய் குடிச்சாலும்தான்" என்றார். அந்தத் தாள் பைக்குள் இருக்கிறது. ஒரு வாரமாகத் தினமும் எடுத்துப் பார்க்கிறாள். இரண்டுக்கும் குமட்டல் உண்டு, வாந்தி உண்டு, மலச்சிக்கல் உண்டு, நிறுத்தினால் எடை திரும்பி வரலாம், எல்லாம் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது. ஆபீசில் பரிமளா சர்க்கரைக்காக அந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறாள். முதல் மாதம் வாந்தியோ வாந்தி. அப்புறம் ஒரு கல்யாணப் பந்தியில் இலையைப் பார்த்தாளாம், ஒன்றுமே தோன்றவில்லையாம், அப்படியே மூடிவிட்டு எழுந்து வந்தாளாம். "வருத்தமாக்கூட இல்ல மங்கை, அதுதான் எனக்கு வருத்தமா இருந்துச்சு" என்றாள். அதைக் கேட்டபோது மங்கைக்குத் தன் வீடுதான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் ஆறரைக்குப் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போனால் அவளோடு கூட வருவது பசி ஒன்றுதான். அதையும் கொன்றுவிட்டால் எட்டு மணிவரை என்ன செய்வாள்?

ஆனால் இதெல்லாம் பேச்சுக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் குமட்டலில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் சுற்றிச் சுற்றி வருகிறாள். ஊசி என்றால் வாரத்தில் ஒரு நிமிஷம். குத்தியாயிற்று, முடிந்தது, அப்புறம் அவள் என்ன நினைத்தாலும் உடம்பு இறங்கும். தம்பியை நினைத்து அழுதாலும் இறங்கும், சபித்தாலும் இறங்கும். மாத்திரை அப்படி இல்லை. விடிந்தால் ஒரு மாத்திரை, ஒரு அரை மணி நேரம், அடுப்பில் பால், ஃபில்டரில் டிக்காஷன். வீட்டில் வேறு யாரும் கிடையாது. ஒரு வாய், ஒரே ஒரு வாய் போதும். போன் வரும், "அக்கா மாத்திரை போட்டியா?" போட்டேன். பொய் இல்லை. மாதாமாதம் இங்கே வந்து ஏறி நிற்பாள், இந்தப் பெண் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றைந்து என்று கத்தும். "என்னமோ தெரியல, என் உடம்புக்குக் கேக்க மாட்டேங்குது" என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? மங்கை உடம்பு எதற்குத்தான் கேட்டிருக்கிறது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஒரு வருஷம் போய்விடும். அதற்குள் அவன். ஒரு வாய் காபியால் ஒரு ஆளைக் கொல்ல முடியும், போலீஸ் இல்லை, கேஸ் இல்லை, செத்த வீட்டில் எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். இதை நினைத்தவுடன் பக்கத்தில் இருக்கிறவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவன் கோடு போட்ட பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டான்.

அவன் கேட்டிருந்தால் என்ன? வாயைத் திறந்து, அக்கா, எனக்குக் கொடு என்று. கேட்டிருந்தால் இந்தத் தாளும் வேண்டாம், கோடும் வேண்டாம். அவன் கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சசிரேகாதான் வந்தாள், கூட அவள் அண்ணன், இரண்டு பிள்ளைகள். கையில் வெள்ளித் தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஆப்பிள், நாலு முழம் மல்லிகைப்பூ, மயில்கழுத்துக் கலரில் ஒரு பட்டுப்புடவை. "அண்ணி, நீங்கதான் மனசு வைக்கணும்" என்று சசிரேகா தட்டை நீட்டினாள். அவளைத் தப்பு சொல்ல முடியாது, பெரிய விஷயத்தை வெறுங்கையோடு போய்க் கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண். ஆனால் மங்கையர்க்கரசியின் வாழ்க்கையில் ஒரு வீட்டார் தட்டோடு வந்து அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் எல்லாம் வெறுங்கையோடு வந்து, கேசரி தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள். சொல்லியே அனுப்பவில்லை. நாற்பத்தாறு வயதில் தட்டு வந்தது. பெண்ணுக்காக வரவில்லை, பெண்ணின் இடது பக்கத்து உறுப்பு ஒன்றுக்காக வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்திருந்தாள். கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. கைக்கு அவ்வளவு நாள் ஆசை இருந்திருக்கிறது, அவளுக்கே தெரியாது. தட்டை வாங்கிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், அது எல்லோருக்கும் தெரிந்த சம்பிரதாயம். சசிரேகா அங்கேயே உட்கார்ந்து அழுதாள், பிள்ளைகள் காலில் விழுந்தன. அவர்கள் போன பிறகு புடவையைப் பிரித்துப் பார்த்தாள். ரவிக்கைத் துணி எண்பது சென்டிமீட்டர். அவளுக்கு ஒன்றேகால் மீட்டர் வேண்டும். உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டு வந்தவர்களுக்கு, அந்த உடம்பை மூட எவ்வளவு துணி வேண்டும் என்று தெரியவில்லை. சாயங்காலம் செழியன் போன் பண்ணினான். "சசி வந்திருந்தாளாக்கா?" என்றான். "வந்திருந்தா" என்றாள். "ம்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அவனுக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. கேட்காமலே அவனுக்கு எல்லாம் வந்துவிடும், அவளுக்கு வேண்டிக்கொண்டதுகூட. வெல்லம். அதை நினைக்கக் கூடாது என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினாள். அவளுக்கு ஏழு வயதில் மஞ்சள் காமாலை, பிழைக்க மாட்டாள் என்று ஆகி, பிழைத்தாள். பெண் எழுந்து நடமாடினால் அவள் எடைக்கு எடை வெல்லம் போடுகிறேன் என்று அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். எழுந்து நடமாடினாள். வேண்டுதல்தான் அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போய், பதின்மூன்று வயதில் போய் நின்றார்கள், தைப்பூசத்துக்கு மறுநாள், அத்தனை ஜனம். பதின்மூன்று வயதுப் பெண் என்ன எடை இருப்பாள் என்று அம்மா யாரையோ கேட்டு நாற்பது கிலோ வாங்கி வந்திருந்தாள். தன் பெண்ணைப் பார்த்து வாங்கவில்லை, ஊரார் பெண்களைப் பார்த்து வாங்கினாள். கழுத்தில் மாலையைப் போட்டுத் தராசுத் தட்டில் உட்கார வைத்தார்கள், எதிர்த்தட்டில் வெல்லத்தை அடுக்கினார்கள். அடுக்கி முடித்தார்கள். அவள் தட்டு தரையை விட்டு எழும்பவே இல்லை. தராசுக்காரன், "இன்னும் வெல்லம் இருக்காம்மா?" என்றான். இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒரு சின்னக் குரல், மணி அடித்த மாதிரி, விழுந்து விழுந்து சிரித்தது. ஒன்பது வயதுச் செழியன். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "இறங்குடி" என்றாள். இறங்கினாள். அவள் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டு, அவனைத் தூக்கி அந்தத் தட்டில் வைத்தாள். "ஒரே ரத்தந்தானே, சாமி ஏத்துக்கும்." அவன் ஜிவ்வென்று மேலே போனான். வெல்லத்தைக் குறைத்துக் குறைத்துச் சமமாக்கினார்கள். அரோகரா போட்டார்கள். மிச்ச வெல்லம் வீட்டுக்கு வந்தது, அதில் அம்மா அதிரசம் சுட்டாள், அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. ராத்திரி எடுத்துத் தின்றாள். பொங்கல் பானையில் தலையை விட்ட பூனை மாதிரி, அடுப்பங்கரை இருட்டில், அழுதுகொண்டே ஆறு அதிரசம்.

முதல் டயாலிசிஸ் அன்றைக்கு, அப்போது அம்மா உயிரோடு இருந்தாள், ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்துகொண்டு முணுமுணுத்தாள்: "உனக்குன்னு வேண்டிக்கிட்டது. அவன் போயி உக்காந்தான். அதான் உனக்கு வர வேண்டியது அவனுக்கு வந்திருச்சு." உனக்கு வர வேண்டியது. பெற்ற வாயால் சொன்னாள். அதைவிட மோசம், அதைக் கேட்டபோது மங்கைக்குச் சந்தோஷமாக இருந்தது. வருத்தத்துக்குள்ளே, ஒரு துளி, தித்திப்பாக. இனிமேல் சிரி பார்க்கலாம் என்று. அந்தத் துளியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவள் கெட்டவளா? இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மணியார்டரை ஒரு நாள் தாமதித்தவள் இல்லை. செழியனுடைய மூத்த பிள்ளைக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தாள். அவன் கல்யாணப் போட்டோவில், "அக்கா, நீ கொஞ்சம் பின்னாடி நின்னுக்கயேன்" என்றதற்குப் பின்னால் போய் நின்றாள். ஆல்பத்தில் ஒரு காதும் கொஞ்சம் கொண்டையும் விழுந்திருக்கிறது. நின்றாள், சரி. மறந்தாளா? மறக்கவில்லை. நல்லவள் கெட்டவள் எல்லாம் பெரிய வார்த்தை, அவள் மறக்காதவள். இவ்வளவு நாள் எல்லாவற்றையும் உடம்பில் ஏற்றி வைத்திருந்தாள், இப்போது அதை இறக்கச் சொல்கிறார்கள், அதுவும் அவனுக்காக.

"அக்கா." செழியன் எழுந்து போனதையே அவள் கவனிக்கவில்லை. காகிதக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளும்பாமல், அடிமேல் அடி வைத்து வந்து நின்றான். மேல்மூச்சு வாங்கியது. "ரத்தம் குடுத்துட்டு வெறும் வயித்தோட இருக்கியே. கேன்டீன்ல நல்லாப் போடுறான், குடி." ஒரே கப்தான். அவள் வாங்கிக்கொண்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி மூக்கை இழுத்தான். வாசனை பிடிக்கிறான். அவள் ஒரு மடக்குக் குடித்தாள், நல்ல சூடு, தொண்டையில் இறங்குவது தெரிந்தது. இரண்டாவது மடக்குக்குக் கப்பைத் தூக்கும்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரே ஒரு வாய் குடுக்கா" என்றான். எச்சில் என்று பார்க்கவில்லை. கப்பை நீட்டினாள். அவன் உதட்டை நனைக்கிற அளவுக்கு ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான். இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மெதுவாகத் தள்ளினான். எவ்வளவு நேரம் என்று அவள் பார்க்கவில்லை, டிவியில் ஒரு விளம்பரம் முடிந்து இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகுதான் அவன் தொண்டை அசைந்தது. பாட்டிலை எடுத்து, மார்க்கர் கோட்டுக்கு மேல் விரல் நகத்தால் ஒரு கோடு கீறினான், அந்த ஒரு வாய்க்குத் தண்ணீரில் கழிவு. அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று கோபமாகவும் இருந்தது. நாற்பத்துமூன்று வருஷத்தில் அவன் அவளிடம் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு வாய் காபிதான். மிச்சத்தை அவள் குடிக்கவில்லை. கப் கையிலேயே ஆறிப்போனது.

"டோக்கன் இருபத்தேழு, மங்கையர்க்கரசி!" பஸ் ஸ்டாண்டு குரல் கூப்பிட்டது. உள்ளே டாக்டர் ரெஜினா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ரத்தமெல்லாம் நல்லா இருக்குங்க. என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் செழியன், "ஊசியே எழுதிடுங்க டாக்டர். சீக்கிரம் இறங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அக்காவுக்கு ஊசின்னா பயமெல்லாம் கிடையாது" என்றான்.

"மாத்திரை" என்றாள் மங்கை.

"அக்கா, ஊசின்னா..."

"மாத்திரைன்னு சொல்றேன்ல."

டாக்டர் பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். போன வாரம் பார்த்த அதே பார்வை. அப்புறம் செழியன் பக்கம் திரும்பினார். "நீங்களும் கேட்டுக்கங்க சார். மாத்திரை போட்டா அரை மணி நேரம் காபி, டீ எதுவும் கூடாது. ஒரு வாய் போனாலும் அன்னைக்கு மருந்து வீண். தினமும் அப்படிப் பண்ணுனா எடை இறங்கவே இறங்காது. வீட்ல பாத்துக்க யாராவது இருக்காங்களா?"

செழியன் சிரித்துவிட்டான். "அக்காவா? காபி டம்ளர் கையில வராம கண்ணே தொறக்க மாட்டா டாக்டர்!" இந்த ஒரு வருஷத்தில் அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. மணி அடித்த மாதிரி அதே சிரிப்பு, முப்பத்துநாலு வருஷம் அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. அவள் சிரிக்கவில்லை, டாக்டரும் சிரிக்கவில்லை. அவன் ஒருத்தன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு டாக்டர் முகத்தைப் பார்த்தான், அக்கா முகத்தைப் பார்த்தான், சிரிப்பு தேய்ந்து நின்றது. டாக்டர் எழுதிக் கிழித்துக் கொடுத்த சீட்டை வாங்கி, படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். புரிந்துவிட்டது. புரியட்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது.

லிஃப்டுக்குப் போகிற நடையில் அவள்தான் பேசினாள். "காலையில அஞ்சரைக்கு நீ வரணும்."

"எங்கக்கா?"

"எங்க வீட்டுக்கு."

"உறையூர்லேருந்தா? பாலம் தாண்டி?"

"ஆமா. தினமும்."

"டயாலிசிஸ் அன்னைக்கு ஆறரைக்கு நான் அங்க இருக்கணுமேக்கா."

"வந்துட்டுப் போ."

அவன் முன்கையைச் சொறிந்தான். "சசிய அனுப்பட்டுமா?"

"நீ வா. என் எதிர்ல உக்காரு. நான் மாத்திரை போட்டு அரை மணி நேரம் ஆகுற வரைக்கும் உக்காந்திரு."

"எதுக்குக்கா இதெல்லாம்?" குரல் உள்ளே போயிருந்தது. எதற்கு என்று தெரியாமல் அவன் கேட்கவில்லை.

"நீ வராத அன்னைக்கு நான் காபி குடிச்சிடுவேன்."

சொல்லிவிட்டாள். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னபோது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, கவுண்டரில் எடை சொல்கிற குரல்தான் வந்தது. லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே ஏற்கெனவே கூட்டம், வீல்சேரில் ஒரு பெரியவர், பையும் பிள்ளையுமாக ஒரு குடும்பம். அவள் ஏறினாள். பின்னாலேயே செழியனும் ஏறினான். லிஃப்ட் கத்தியது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவுக்கு மேலே சிவப்பாக எரிந்த எண்ணைப் பார்த்தபடி நின்றாள். அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது. "யாராவது ஒருத்தர் இறங்குங்கப்பா" என்றது பின்னால் ஒரு குரல். அவள் இறங்கவில்லை.

செழியன் இறங்கினான். சத்தம் நின்றது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவன், கதவு மூடுவதற்குள் திரும்பி, "அஞ்சரைதானேக்கா?" என்று கேட்டான்.